நாலணாவின் எடை

எங்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கிச் செல்லும் கையின் முனையில் ஒரு நாலணா நாணயம் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. 1980களின் கும்மிடிப்பூண்டி அது. அப்பாவுக்கு உருக்காலை ஒன்றில் வேலை. ஜி.என்.டி. சாலையை ஒட்டினாற்போல் வாடகை வீடு. சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகள் கடக்கும்போதெல்லாம் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதே கணத்தில் ஊசியும் துள்ளும். பல்லவியில் இருந்த பாட்டு சரணத்துக்குத் தாவிவிடும். அல்லது ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். உடன் வேலை செய்த ஒருவர் சொன்ன கைவைத்தியம்தான் அந்த நாலணா. வைத்த அன்றே துள்ளல் நின்றுவிட்டது. எங்கள் கருவி மேம்பட்டுவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

அந்த நாணயத்தின் எடை இரண்டரை கிராம். இன்று சாதாரண விலையில் கிடைக்கும் ஒரு காந்தவகைக் கார்ட்ரிட்ஜின் ஊசி, இசைத்தட்டின்மேல் இரண்டு கிராம் அளவே அழுந்த வேண்டும் என்று அதனுடன் வரும் தாளில் அச்சிட்டிருக்கிறது. எங்கள் பழைய பிளேயரின் ஊசியோ தன்னளவிலேயே ஐந்தாறு கிராம் அழுத்தக்கூடிய வகையைச் சேர்ந்தது. அதற்கும் மேலேதான் நாங்கள் நாலணாவை ஏற்றினோம். பாட்டு நிற்காமல் ஓட வேண்டும் என்று செய்த காரியம், ஓடிய ஒவ்வொரு முறையும் பாட்டைக் கொஞ்சம் அழித்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கு விளங்கியபோது ஏற்பட்ட சங்கடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இசைத்தட்டைப் பற்றித் தமிழில் நாம் பேசும்போது பாடியவர்களைப் பற்றிப் பேசுகிறோம், கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறோம். ஊசியைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் கேட்டவர்களின் வரலாறு ஊசிமுனையில்தான் இருக்கிறது. கைக்காசுக்குள் எப்படி நன்றாகக் கேட்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை கண்டது. அவ்விடைகளின் தழும்புகளே இன்று நம் கையில் இருக்கும் தட்டுகள்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தார். அக்காலத்து இந்தியப் பாட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் தட்டுகளாக அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல்தான் கல்கத்தாவின் சியால்தாவில் ஓர் ஆலை எழுந்தது. தட்டின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரந்த அரக்கு கடல்கடந்து போய்ப் பாட்டாகத் திரும்பியது என்று சொன்னால் அது கற்பனை அல்ல.

அரக்குடன் கல்பொடியும் கரிப்பொடியும் சேர்த்தார்கள். கல்பொடி சேர்த்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. புதிய எஃகு ஊசி முதல் சில சுற்றுகளிலேயே அந்தப் பொடியில் உரசித் தேய்ந்து, பள்ளத்தின் வடிவத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். தட்டு நிலைக்க ஊசி தேய வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். இதற்காகவே நாய்ப்படம் போட்ட சிறு தகர டப்பாக்களில் இருநூறு இருநூறாக ஊசிகள் விற்கப்பட்டன. உரத்த ஒலிக்குத் தடித்த ஊசி, மென்மையான ஒலிக்கு மெல்லிய ஊசி. தட்டைக் காப்பாற்ற விரும்பியவர்களுக்கு மூங்கில் ஊசியும் இருந்தது. அதைச் சீவிச் சீவிப் பயன்படுத்தலாம். மேம்பாடு என்பது அன்று ஊசியை மாற்றுவதுதான். வேறெதையும் மாற்ற வழியில்லை.

ஆனால் எந்தக் குடும்பம் மூன்று நிமிடத்துக்கு ஓர் ஊசியை எறியும்? சாவி கொடுக்கும் பெட்டியைக் கடன்பட்டு வாங்கியவர்கள் ஊசியில் சிக்கனம் பார்த்தார்கள். ஒரே ஊசி பத்துப் பக்கம், இருபது பக்கம் ஓடியது. ஒருமுறை தேய்ந்த ஊசியின் விளிம்பு உளிபோன்றது. அடுத்த தட்டின் பள்ளத்துச் சுவரை அது செதுக்கிக்கொண்டே போகும். அதன்மேல் அமர்ந்திருந்த ஒலிப்பெட்டியின் பாரமோ நூறு கிராமுக்கும் மேல். பழைய 78 சுற்றுத் தட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிலவற்றில் கருமை போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அந்தச் சாம்பல்நிறம், ஊசி செதுக்கிய இடம்.

இதில் நாம் இழந்தது என்ன என்பதை இரண்டு பெயர்களைக் கொண்டு சொல்லலாம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் காலமானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. நாடக மேடைகளில் ஊர் ஊராக மக்கள் விடிய விடியக் கேட்ட அந்தக் குரல் நமக்கு எஞ்சியிருப்பது அந்த மூன்று நிமிடத் தட்டுகளில் மட்டுமே. மக்கள் பித்துப்பிடித்துக் கேட்ட தட்டுகள் அவை. எனவே தேய்ந்த தட்டுகளும் அவையே. வீணை தனம்மாளின் கதை வேறுவிதம். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கும்போது கூடியிருப்போர் அசையாமல் இருப்பார்களாம், அத்தனை மெல்லிய நாதம். 1925இல் மைக்ரோபோன் வழி மின்பதிவு வந்த பின்னரே அத்தகைய வாசிப்பைத் தட்டில் ஏற்றுவது கைகூடியது. 1930களின் தொடக்கத்தில் அவர் வாசிப்பு பதிவாயிற்று. ஆனால் பதிவுக்கூடத்தில் மைக்ரோபோன் பிடித்த மென்மையை, வீட்டில் எஃகு ஊசியின் இரைச்சல் மூடியது. தட்டில் இருந்தது ஒன்று, கேட்டது வேறொன்று. இந்த இடைவெளி பின்னாளிலும் நம்மைத் தொடர்ந்தது.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் பாட்டு. பள்ளம் மிகக் குறுகியது. பழைய தட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள ஊசி போதும். புதியதற்கு ஒரு பங்கு, ஸ்டீரியோ வந்ததும் அதனினும் குறைவு. இந்தியாவில் பழையது உடனே போய்விடவில்லை. பீட்டில்ஸ் பாடல்கள்கூட 1960களின் நடுப்பகுதியில் இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக அச்சாயின. இரண்டும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் நம் பிளேயர்களில் ஊசியைத் திருப்பிவிடும் சிறு நெம்புகோல் இருந்தது. ஒருபுறம் 78, மறுபுறம் எல்.பி. திருப்ப மறந்து எல்.பி.யைப் பாழாக்கிய வீடுகள் எத்தனையோ!

நடுத்தர வீடுகளுக்கு வந்த பெட்டிவகைப் பிளேயர்களில் இருந்தது பீங்கான்வகைக் கார்ட்ரிட்ஜ். அசைவின் அழுத்தத்தால் மின்சாரம் பிறப்பிக்கும் ஒரு பீங்கான் துண்டு அது. அது தரும் மின்னழுத்தம் கணிசமானது. எனவே எளிய ஆம்பிளிபையரே போதும், விலையும் குறையும். அந்தப் பீங்கானை அசைக்கத்தான் ஊசி கனமாக அழுந்த வேண்டியிருந்தது. காந்தவகையில் சிறு காந்தம் கம்பிச்சுருள்களுக்கு அருகே அசைகிறது. அதற்கு அழுத்தம் வேண்டாம்; ஆனால் வெளிவருவது அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மின்னழுத்தம். அதைப் பெருக்கத் தனிக் கருவி வேண்டும். அக்கருவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தட்டில் பதியும்போது கீழ்க்குரல்களைக் குறைத்தும் மேற்குரல்களைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லாவிடில் பள்ளம் அகலமாகிவிடும், இரைச்சலும் மிகும். 1954இல் இதற்கென ஒரு பொது அளவு வகுக்கப்பட்டது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். பீங்கான்வகை இதை உத்தேசமாகச் செய்தது, காந்தவகையின் துணைக்கருவி கணக்காகச் செய்கிறது.

ஸ்டீரியோவும் இப்படித்தான். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் 1978இல் வந்த ‘ப்ரியா’ படத்தினவை என்பர். அந்தப் பெருமை அட்டையில் இருந்தது. எங்களைப் போன்றோர் கேட்டதோ பெட்டிக்குள் இருந்த ஒற்றை ஸ்பீக்கரில்.

வீட்டில் பிளேயர் இல்லாதோருக்கு மைக் செட் இருந்தது. ஆடிமாதக் கூழ் ஊற்றுதல், திருமணம், காதுகுத்து என எதுவானாலும் பனைமரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டித் தட்டுப் போடுவார்கள். ‘திருவிளையாடல்’ வசனத்தட்டு ஓடாத திருவிழா இல்லை. பொன்னேரிப் பக்கம் சவுண்டு சர்வீஸ் நடத்திய ஒரு பெரியவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். அப்பாவின் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று வருத்தப்பட்டேன். அவர் சிரித்தார். “தட்டு தேஞ்சிருச்சுன்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க? மொதல்ல ஊசிய மாத்துங்க. சோப்புத் தண்ணியில கழுவுங்க. அப்புறம் சொல்லுங்க” என்றார். தொழில் செய்தவரின் சொல்.

ஆசையில் நான் முதலில் வாங்கியது, இப்போது இணையத்தில் விற்கும் சூட்கேஸ் வடிவப் பிளேயர். பிரித்துப் பார்த்தால் அதே பீங்கான்வகைக் கார்ட்ரிட்ஜ், அதே கனம். நாற்பது ஆண்டு கழித்து அப்பா நின்ற இடத்திலேயே நின்றேன். அதை ஒதுக்கிவிட்டுப் பழைய பெல்ட் பிளேயர் ஒன்றைத் தேடி வாங்கினேன். பிறகு நான் கற்ற வரிசை இது. முதலில் செலவில்லாத வேலைகள். தட்டைக் கழுவுவது, பிளேயரை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்துவது, அதிர்வைத் தடுக்க, மீந்துபோன கடப்பைக் கல் ஒன்றின் அடியில் ரப்பர் வைத்து அதன்மேல் பிளேயரை அமர்த்துவது. நாலணா செய்ய முயன்ற வேலையை இந்தக் கல் சேதமின்றிச் செய்தது. அடுத்து, எடைபார்க்கும் சிறு தராசு. அதன்பின் காந்தவகைக் கார்ட்ரிட்ஜ். உருண்டை முனைக்குப் பதில் நீள்வட்ட முனையுள்ள வைர ஊசி. கடைசியாகத்தான் துணைக்கருவி, ஸ்பீக்கர். பலர் ஸ்பீக்கரிலிருந்து தொடங்குகிறார்கள். ஊசி எடுக்காத ஒலியை எந்த ஸ்பீக்கரும் தரப்போவதில்லை.

முனையின் வடிவத்தில்தான் வியப்பு இருந்தது. உருண்டை முனை பள்ளத்துச் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தொடுகிறது, தேய்மானம் அங்கேதான். வேறு வடிவமுள்ள முனை அதற்கு மேலேயோ கீழேயோ, பழைய ஊசி தொடாத சுவரைத் தொடக்கூடும். பழைய 78 தட்டுகளை மின்வடிவுக்கு மாற்றுவோர் பல பருமன்களில் ஊசிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பது இதற்காகவே. வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்ற சேகரிப்பாளர்கள் ஆயிரமாயிரமாய்த் தட்டுகளைக் காத்ததன் பொருளும் இங்கே கூடுகிறது. இன்றைய ஊசிக்கு எட்டாதது நாளைய ஊசிக்கு எட்டலாம். தட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா தம் தட்டுகளில் பெரும்பாலானவற்றை மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கினார். 1985 மே மாதத் தீயில் அந்தச் சந்தை அழிந்தது. அது இருந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் வண்டி ஏறும் நம்மில் எத்தனை பேர், தட்டுக் கடைகள் இருந்த மண்ணில் நிற்கிறோம் என்று எண்ணுகிறோம்?

அங்கே வாங்கியவற்றுள் ஒன்று எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘வேங்கடேச சுப்ரபாதம்’, 1963இல் வெளிவந்த எல்.பி. எங்கள் வீட்டில் மிக அதிகமாக ஓடிய தட்டு அதுவே. நாலணாவின் பாரத்தோடு தினமும் விடியற்காலையில். எதுவும் மிஞ்சியிராது என்று எண்ணியே புதிய ஊசியை இறக்கினேன். தொடக்கப் பகுதி ஏறத்தாழ முழுதாகவே வந்தது. உடன்பாடும் ராதாவின் குரல் தனியே பிரிந்து கேட்டது. அப்படியொரு குரல் அதில் இருப்பதே சிறுவயதில் எனக்குத் தெரியாது. ஊசி நடுவை நெருங்க நெருங்கக் கரகரப்பு கூடியது. தட்டின் உட்புறத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வெளிப்புறத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. நெருக்கமாகப் பதிந்த ஒலி அங்கே முதலில் சிதையும். அந்தச் சிதைவை எந்த ஊசியும் சரிசெய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுப் பாட்டு மாதிரி இல்லையேப்பா” என்றாள்.

அப்பா இப்போது இல்லை. அந்த நாலணாவை அவர் வைத்தது தவறா என்று சில காலம் யோசித்தேன். வைக்காமல் இருந்திருந்தால், அந்தச் சாலையோரத்து வீட்டில் ஒரு பாட்டும் முழுதாக ஓடியிராது. தட்டு பத்திரமாக இருந்திருக்கும். நாங்கள் எதையும் கேட்டிருக்க மாட்டோம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதியை மீறிக் கிட்டப்பாவைக் கேட்டவர்களும் இவ்வாறே. அவர்கள் தேய்த்திராவிட்டால் அக்குரலின் புகழ் நம்மை வந்தடைந்திருக்குமா என்பதும் கேள்விதான்.

2011 ஜூன் மாதத்தோடு நாலணா செல்லாக்காசாகிவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. மாதம் ஒருமுறை ஊசியின் எடையைச் சரிபார்ப்பதற்கு முன், தராசு ஒழுங்காகக் காட்டுகிறதா என்று அறிய அந்த நாணயத்தை அதில் வைப்பேன். இரண்டரை காட்டினால் தராசு சரி. பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு, ஊசியை இரண்டில் நிறுத்துவேன்.