நகைப் பெட்டியும் மூன்று முகங்களும்

பேய்ப்படம் என்றால் உதட்டைப் பிதுக்குகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ப்ரெஸ்ஸான், பெர்க்மன், ரே என்று பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் மரியோ பாவா என்று ஒரு பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ரேயும் ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறார் என்று ஞாபகப்படுத்தினால் சிரிப்பு நின்றுவிடும். ஆனால் அதைப் பார்த்தவர் கூட்டத்தில் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் படம் வெளிநாடுகளுக்குப் போனபோது பேய் மட்டும் இறக்கிவிடப்பட்டது.

தாகூர் நூற்றாண்டையொட்டி 1961-இல் வந்த 'தீன் கன்யா'வில் மூன்று கதைகள். 'போஸ்ட்மாஸ்டர்', 'மணிஹாரா', 'ஸமாப்தி'. நடுவில் இருந்த 'மணிஹாரா'வை எடுத்துவிட்டு, மற்ற இரண்டும் 'டூ டாட்டர்ஸ்' என்ற பெயரில் மேற்கே போயின. மூன்று பெண்கள் இரண்டு மகள்களானார்கள். பரிவும் நகைச்சுவையும் கொண்ட ரே உலகத்துக்குக் கிடைத்தார். நகையைத் தேடி வரும் எலும்புக் கை வங்காளத்திலேயே தங்கிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1963-இல், இத்தாலியில் பாவா மூன்று கதைகளைக் கொண்ட ஒரு படம் எடுத்தார். இத்தாலியத் தலைப்புக்கு அர்த்தம் 'பயத்தின் மூன்று முகங்கள்'. 1964-இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெயர் 'ப்ளாக் ஸாபத்' என்று மாறியது. கதைகளின் வரிசை மாறியது. ராபர்ட்டோ நிக்கொலோஸியின் இசை போய் லெஸ் பாக்ஸ்டரின் இசை வந்தது. கடைசிக் காட்சி அடியோடு போயிற்று. (1969-இல் பர்மிங்ஹாமில் நாலு பையன்கள் தங்கள் ராக் குழுவுக்கு இந்த அமெரிக்கப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் கிடார் வாசித்தவனுக்குத் தகடு வெட்டும் பட்டறையில் இரண்டு விரல் நுனிகள் போயிருந்தன. ஓசூர் பக்கம் இருக்கிறவனுக்கு இந்தச் செய்தி வேறு மாதிரி கேட்கும்.)

மூன்று கதைப் படங்களைப் பற்றிய பொதுவான விமர்சனம், ஒன்று நன்றாக இருந்தால் இரண்டு சுமாராக இருக்கும் என்பது. வெட்டியவர்களும் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒரு கதையை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ மற்றதற்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். பாவாவின் படத்தை இத்தாலிய வரிசையில் பார்த்தபோது அது தப்பு என்று எனக்குப் பட்டது. மூன்று கதையிலும் பயம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. திருப்பித் தராத ஒன்றிலிருந்து.

முதல் கதை 'தொலைபேசி'. ரோஸி என்ற பெண் இரவில் தனியாக இருக்கிறாள். அவள் காட்டிக்கொடுத்துச் சிறைக்குப் போன ஃப்ராங்க் தப்பித்துவிட்டான். அவன் குரலில் மிரட்டல் வந்துகொண்டே இருக்கிறது. பயந்துபோய், விலக்கிவைத்திருந்த பழைய தோழி மேரியைக் கூப்பிடுகிறாள். தொலைபேசியில் மிரட்டியதே மேரிதான் என்பது நமக்கு மட்டும் தெரிகிறது. இருவருக்கும் முன்பு இருந்த உறவு தோழமைக்கு மேற்பட்டது. பிரிந்துபோனவள் தன்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அமெரிக்கப் பிரதியில் இந்த உறவைத் துடைத்துவிட்டு ஃப்ராங்கைச் செத்தவனாக்கினார்கள். கடிதம் தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது. மனிதர்களுக்குள் இருந்த பாக்கியை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஆவியை உட்கார வைத்தார்கள். பேய் வந்ததும் பயம் போய்விட்டது.

நம் ஊரில் இதற்கு நேர் எதிரான காரியம் நடந்தது. 'யார் நீ?' (1966), இந்தியில் வந்த 'வோ கௌன் தீ?'யின் தமிழ் வடிவம். வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டு வருகிறவள் கடைசியில் பேயில்லை, சொத்துக்காக நடந்த சூழ்ச்சி என்று முடிகிறது. அங்கே மனிதனைப் பேயாக்கினார்கள், இங்கே பேயை மனிதனாக்கினார்கள். நம்முடைய வழியே எனக்குப் பிடித்திருக்கிறது. பேய்க்குப் பின்னால் ஒரு பத்திரம் இருக்கும் என்பதையாவது ஒத்துக்கொள்கிறார்கள்.

பாவாவின் இரண்டாவது கதை 'வுர்துலாக்'. அலெக்ஸி டால்ஸ்டாயின் பழைய கதையிலிருந்து எடுத்தது. இவர் பெரிய டால்ஸ்டாய்க்கு உறவுக்காரர். படத்தின் எழுத்து வரிசையில் வெறும் டால்ஸ்டாய் என்றும், வேறு கதைக்குச் செகாவ் என்றும் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு செகாவ் கதை கிடையாது. பேய்ப்படக்காரர்களுக்கும் கௌரவம் தேவைப்பட்டிருக்கிறது. வுர்துலாக் தான் மிகவும் நேசித்தவர்களின் ரத்தத்தைத்தான் குடிக்கும். ஐந்து நாளுக்குமேல் கழித்து வந்தால் என்னை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போன கிழவர் கோர்க்கா, அந்தக் கெடு முடிகிற கணத்தில் வந்து நிற்கிறார். உள்ளே விட்டுவிடுகிறார்கள். அப்பா அல்லவா. பிறகு செத்துப் புதைத்த குழந்தை ராத்திரி வாசலில் நின்று குளிர்கிறது அம்மா என்று அழுகிறது. தடுக்கிற கணவனைக் குத்திவிட்டுத் தாய் கதவைத் திறக்கிறாள். தளியில் மார்கழி இரவில் கம்பளிக்குள் சுருண்டு இதைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் சின்ன இங்கிலாந்து என்று பெயர் வைத்த ஊர். கர்நாடகக் காட்டிலிருந்து காற்று வந்து ஜன்னலைத் தட்டும். அந்தக் குழந்தையின் குரல் போதும், வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

கோர்க்காவாக வரும் போரிஸ் கார்லாஃபின் உண்மைப் பெயர் வில்லியம் ஹென்றி ப்ராட். இந்திய ரத்தம் கலந்த குடும்பம். அப்பா இங்கே உப்பு வரி இலாகாவில் வேலை பார்த்தவர். அதே 1963-இல் ஸ்ரீதர் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தார். மகனின் காதலை அழித்துவிட்டு, நூறு வயது தாண்டியும் சாகாமல் அதே வன்மத்தோடு உட்கார்ந்திருக்கும் ஜமீன்தார் நம்பியாரையும் கார்லாஃபையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடும்பத்தைத் தின்கிற தகப்பன் இரண்டு பேருமே. வின்சென்டின் இருட்டும் பாவாவின் இருட்டுக்குக் குறைந்ததில்லை. பாட்டுகள் நினைவில் நிற்கிற அளவு அந்தக் கிழவன் நம் விமர்சனத்தில் நிற்கவில்லை.

மூன்றாவது 'நீர்த்துளி'. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஆவிகளோடு பேசுகிற ஒரு கிழவி செத்துப்போகிறாள். பிணத்துக்கு உடை மாற்ற வந்த நர்ஸ், விரலில் இருந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றிக்கொள்கிறாள். மோதிரம் கை தவறி விழுகிறது, தம்ளர் சாய்ந்து தண்ணீர் சொட்டுகிறது, ஒரு ஈ அந்த விரலில் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான். வீட்டுக்குப் போனபின் ஒரு குழாய் சொட்டுகிறது, அதை அடைத்தால் இன்னொன்று. ஜன்னல் வழியே பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம் வந்து போகிறது, காரணமே இல்லாமல். பாவா அடிப்படையில் காமிராக்காரர். காரணமில்லாத வெளிச்சம் மனசாட்சி போல வேலை செய்யும் என்று தெரிந்தவர். காலையில் நர்ஸ் செத்துக் கிடக்கிறாள், விரலில் எதையோ இழுத்துக் கழற்றிய தடம். வந்து பார்க்கிற வீட்டுக் காவல்காரியின் காதில் இப்போது தண்ணீர் சொட்டுகிறது. கணக்கு பெயர் மாறிவிட்டது.

நான் வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்கிறவன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், கல்லின் எடையைக் கழிப்பார். தங்கத்துக்குத்தான் கடன், நீலக்கல்லுக்கு எங்களிடம் ஒரு பைசா கிடையாது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில் ரோஜாத் தோட்டத்துக்காக, ஆழ்துளைக் கிணற்றுக்காக, ஓசூர் கம்பெனியில் வேலை போனதற்காக என்று காரணம் சொல்வார்கள். புருஷன் கையெழுத்துப் போடுவான். பெண்ஜாதி எதிரே நின்று, துணிப் பைக்குள் போகிற சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைத் திரையில் நான் பார்த்தது 'மணிஹாரா'வில் மட்டும்தான்.

கணவனுக்குப் பணமுடை வந்ததும், நகையைக் கேட்டுவிடுவானோ என்று மணிமாலிகாவுக்குப் பயம். சொந்தக்காரன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நகையோடு புறப்படுகிறாள், அதற்குப்பின் அவளைக் காணோம். தாகூரின் கதையில் அவள் எல்லா நகையையும் உடம்பில் பூட்டிக்கொண்டு படகேறுகிறாள். எலும்புக்கூடு நகை பூண்டு திரும்பி வந்து கணவனை ஆற்றுக்கு அழைத்துப் போகிறது. ரே இதை மாற்றினார். கணவன் அவளுக்காகப் புதிதாக வாங்கி வந்த நகைப் பெட்டியின்மீது எலும்புக் கை பாய்கிறது. தாகூரின் பேய் புருஷனுக்காக வருகிறது, ரேயின் பேய் பெட்டிக்காக. எது கொடூரம் என்று கேட்டால் நான் ரேயைத்தான் சொல்வேன். அந்தக் கையை மேற்கிலிருந்து மறைத்ததில் ரேயின் ஒரு பாதி மறைந்துபோயிற்று. இப்போது மூன்று கதையும் சேர்ந்தே கிடைக்கின்றன. பாவாவின் இரண்டு பிரதிகளும் கிடைக்கின்றன. பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

என் பாட்டி செத்த அன்று மூக்குத்தியைக் கழற்றுகிற வேலை எனக்கு வந்தது. பத்தொன்பது வயது. பெண்கள் யாருக்கும் திருகு நகரவில்லை, உன் கை சின்னது நீ பார் என்றார்கள். தேங்காயெண்ணெய் விட்டுத் திருகினேன். அது வந்தபோது மூக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த மூக்குத்தியை அத்தை கேட்டாள், அம்மா தரவில்லை. அடுத்த வருஷம் என் பி.ஏ. பரீட்சைப் பணத்துக்காக அடகுக் கடைக்குப் போய் மூழ்கிப்போயிற்று. அத்தை சாகிறவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. 'நீர்த்துளி'யில் அந்த மெழுகு முகத்தின் திறந்த வாயைப் பார்த்தபோது நான் திரையை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் பார்க்க முடிந்தது.

அமெரிக்கர்கள் வெட்டிய கடைசிக் காட்சி இதற்குப் பின்னால்தான் வருகிறது. கோர்க்காவின் வேஷத்தில் கார்லாஃப் குதிரைமேல் பாய்ந்து போய்க்கொண்டே நம்மைப் பார்த்து எச்சரிக்கிறார். காமிரா பின்வாங்குகிறது. குதிரை பொம்மை. காடு என்று நினைத்தது, ஆட்கள் மரக்கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவது. 'மணிஹாரா'வுக்கும் இப்படி ஒரு முடிவு உண்டு. படித்துறையில் உட்கார்ந்து பள்ளி வாத்தியார் ஒருவர், போர்த்திக்கொண்டிருக்கும் ஓர் ஆளுக்கு முழுக் கதையையும் சொல்கிறார். கேட்டவன், நான்தான் அந்தப் புருஷன் என்று சொல்லிவிட்டு மறைந்துபோகிறான். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் கதை சொல்கிறவனே கதை எழுதுகிறவன். பயத்தைக் கட்டுகிறவர்கள் மூவரும் கட்டுகிற கையையும் காட்டிவிடுகிறார்கள். ரேயிடம் அந்தக் கை ஆவியாகிறது, புதுமைப்பித்தனிடம் நடுங்குகிறது, பாவாவிடம் கிளையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடுகிறது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் கிரீடத்தைக் காட்டி அது அட்டை என்பான். அதற்காக யாரும் துச்சாதனன் வரும்போது குழந்தையை மடியில் இழுத்துக்கொள்ளாமல் இருப்பதில்லை.