தியாரா நிலமும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும்

கங்கையும் அதன் வடகரைத் துணையாறுகளும் பீகார்ச் சமவெளியில் ஆண்டுதோறும் அழித்தும் ஆக்கியும் வரும் ஆற்றோர நிலத்துக்கு அப்பகுதி மக்கள் இட்ட பெயர் தியாரா. கிழக்கே வங்கத்தில் அதுவே சர். தமிழில் படுகை என்னும் சொல் இதற்கு அருகில் வரும் எனினும், தியாராவின் நிலையாமையை அச்சொல் முழுமையாகத் தாங்காது. கோசி ஆறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கே நகர்ந்தது. அத்தகைய ஆற்றின் கரையில் நேற்றைய வயல் இன்றைய நீர்வழி.

வெள்ளம் வடிந்தபின் உழவர் எதிர்கொண்ட முதற்கேள்வி நிலம் எவ்வளவு என்பதன்று. எந்த மண் எங்கே தங்கியிருக்கிறது என்பதே. வேகமாக ஓடும் நீர், வேகம் குறையத் தொடங்கியதும் பருமணலை இறக்கிவிடுகிறது. மென்வண்டலும் களியும் நீர் தேங்குமிடத்திலேயே படிகின்றன. ஆகவே ஒரே வெள்ளம் அடுத்தடுத்த இரு வயல்களுக்கு இருவேறு மண்ணைத் தரக்கூடும். புதிதாக எழுந்த மணல்மேட்டை முதலில் பற்றுவது நாணல்; அது கூரை வேயப் பயன்படுவதோடு, அடுத்த வெள்ளத்தின் வண்டலையும் பிடித்து நிறுத்தும். வெற்று மணலில் குழி பறித்து எருவிட்டுத் தர்பூசணி, வெள்ளரி, பர்வல் ஆகிய கொடிகளை வளர்த்தனர். அவற்றின் வேர் அடிமணலின் ஈரத்தை எட்டிவிடும். மணல்மேல் வண்டல் மூடத் தொடங்கியதும் கடுகும் பார்லியும் பருப்பு வகைகளும். வண்டல் ஆழப்பட்டபின் கோதுமை. நீர் தேங்கும் தாழ்நிலத்தில், வெள்ளத்தோடு தானும் தண்டு நீளும் நெல்; அந்நெல் அறுவடையாகும் முன்பே அதன் ஈரச்சேற்றில் கேசரிப் பருப்பைத் தூவினர். பாட்னாவுக்குக் கிழக்கேயுள்ள மொகாமா தால் தியாரா அன்று; மழைக்காலம் முழுதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் கருங்களிப் பரப்பு. நீர் வடிந்ததும் அங்கே விதைக்கப்படும் மசூரும் கடலையும் பாசனமே இன்றி, களி காத்துவைத்த ஈரத்தில் விளைகின்றன. அங்கு நீர் வடியப் பிந்தினால் விதைப்பும் பிந்தும்.

இந்த மண்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. களிக்குக் கேவால், மணல் கலந்த வளமண்ணுக்குப் பல்சுந்தரி என உழவர் வழங்கிய சொற்களை ஜார்ஜ் கிரியர்சன் பீகார் உழவர் வாழ்வு பற்றிய தம் நூலில் தொகுத்தார். அந்நூல் வெளிவந்தது 1885இல். வங்கக் குத்தகைச் சட்டம் நிறைவேறியதும் அதே 1885இல்தான்.

அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், 1825ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை, ஆறு சேர்க்கும் நிலம் யாருக்கு என்பதை வரையறுத்திருந்தது. வட்டார வழக்காறு தெளிவாக இருக்குமிடத்தில் அதுவே செல்லும். இல்லாதவிடத்து, சிறிது சிறிதாகச் சேர்ந்தது அடுத்துள்ள நிலவுடைமையாளருக்கு. ஆறு திடீரெனத் தடம் மாறி வெட்டியெடுத்தது, அடையாளம் தெரியும்வரை பழைய உடைமையாளருக்கு. பரப்பையும் எல்லையையும் பற்றியே பேசிய சட்டம் அது. உழுபவர் அதில் ஏறக்குறைய இல்லை.

1885ஆம் ஆண்டுச் சட்டத்தில் உழுபவர் வந்தார். ஓர் ஊரில் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்ட குடியானவர், அவ்வாண்டுகளில் வெவ்வேறு வயல்களை உழுதிருந்தாலும், அவ்வூரில் தாம் பயிரிடும் நிலத்தின்மேல் நிலையான குடியுரிமை பெற்றார். சலுகை பெரிதுதான். ஆனால் 180ஆம் பிரிவு சர், தியாரா நிலங்களை இதிலிருந்து விலக்கியது: அங்கே அதே நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாது வைத்திருந்தால்தான் உரிமை; அதுவரை நிலவுடைமையாளரோடு ஒப்புக்கொண்ட குத்தகை எதுவோ அதுவே கட்டாயம்.

பேரம் என்று ஏட்டில் இருந்ததன் நடைமுறைப் பொருளை ஊகிப்பது கடினமன்று. மண்ணுக்கேற்பப் பயிரையும் ஆற்றுக்கேற்ப வயலையும் மாற்றுவதே தியாரா வேளாண்மை. உரிமைக்கோ ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மணலில் கொடி வளர்த்து, நாணலால் வண்டல் பிடித்து, ஆறேழு ஆண்டுகளில் அந்நிலம் கோதுமைக்குத் தகுதியாகும் வேளையிலும் குடியானவர் உரிமையற்றவரே. வளம் கூடக்கூட நிலவுடைமையாளர் கேட்கும் குத்தகையும் கூடலாம். பத்தாம் ஆண்டில் ஆறு அவ்வயலை அறுத்துக்கொண்டு போனால், புதிய மணல்மேட்டில் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.