சீனக்குடாவில் எழுந்த புகை எங்கே போனது?

நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஏப்ரல் மாதம் வந்தால் யப்பான்காரன் குண்டு போட்ட கதை நம் ஊரில் மறுபடியும் உலாவரும். எத்தனை விமானங்கள் வந்தன, எந்தக் கப்பல் மூழ்கியது, எண்ணெய்த் தாங்கி மேல் விமானத்தோடு விழுந்த விமானி யார் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். கதையின் கடைசியில் "தாங்கி ஏழு நாள் எரிந்தது" என்று ஒரு வரி வரும். அதோடு கதை முடிந்துவிடும். ஏழு நாள் நெருப்பு என்றால் ஏழு நாள் புகையும் இருந்திருக்க வேண்டும். அந்தப் புகை எந்தப் பக்கம் போனது, யார் வீட்டுக்குள் புகுந்தது என்று நாம் கேட்டதில்லை. இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியது.

சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கிய யப்பான் கடற்படை, ஏப்ரல் 9 வியாழக்கிழமை காலையில் திருகோணமலைக்கு விமானங்களை அனுப்பியது. தலைமை தாங்கியவர் நகுமோ. அதற்கு முந்திய டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தை அடித்தவரும் இவரே. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் அடிவாங்கின. துறைமுகத்துக்குள் நின்ற சாகெய்ங் என்ற கப்பல் தீப்பிடித்தது. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் தேடிப்பிடித்து மூழ்கடித்தார்கள். அதில் மாத்திரம் 307 பேர் இறந்தார்கள்.

சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவைத்திருந்த எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் யப்பான் விமானம் ஒன்று வந்து விழுந்தது என்பது நாம் எல்லோரும் அறிந்த கதை. அந்த இடத்தில் உருகி நெளிந்த இரும்பு இன்றும் கிடக்கிறது. ஒரு தாங்கியின் கொள்ளளவு ஏறத்தாழ 12,000 தொன். கப்பல்களுக்கு ஊற்றும் தடித்த எண்ணெய் எரியும்போது முழுமையாக எரிவதில்லை. எரியாத காபன் கரியாக மேலே போகும். எண்ணெயில் உள்ள கந்தகம் கந்தகவீரொட்சைட்டாக மாறித் தொண்டையையும் கண்ணையும் அரிக்கும். கூடவே காபனோரொட்சைட்டு. இரத்தத்தில் ஒட்சிசன் போய் ஒட்டவேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி, காற்று. நம் ஊரில் காற்றைத் தெரிந்தால்தான் புகையைத் தெரியும். ஏப்ரல் மாதத்தில் வாடையும் இல்லை, கச்சானும் இல்லை. இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட காலம். பகலில் கடற்காற்று கரைக்கு வரும், இரவில் தரைக்காற்று கடலுக்குப் போகும். அடித்துத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய காற்று கிடையாது. சீனக்குடா துறைமுகத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. பகலில் அங்கிருந்து தரைப்பக்கம் தள்ளப்படும் புகைக்குத் தம்பலகாமமும் கிண்ணியாப் பக்கமும்தான் வழி. இரவில் அது துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் திரும்பும். சீனக்குடாவுக்கு ஒட்டிய வெள்ளைமணலுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். இது யாரும் எழுதிவைத்த பதிவு அல்ல, பருவக் காற்றை வைத்து நாம் போடும் கணக்கு. ஆனால் ஊர் அமைப்பையும் ஏப்ரல் காற்றையும் தெரிந்த எந்தக் கடல்தொழிலாளியும் இந்தக் கணக்கைப் பிழை என்று சொல்லமாட்டார்.

அளக்க அன்று கருவி இல்லை. போர்க்காலத்தில் முட்டு வந்து இறந்த ஒரு மூத்தம்மாவின் இறப்பை எண்ணெய்ப் புகையோடு யார் சேர்த்து எழுதப்போகிறார்கள்? கப்பலுக்குப் பெயர் உண்டு, விமானிக்குப் பெயர் உண்டு. புகையால் நோயானவர் வயது போனவர் என்றோ பலவீனமான பிள்ளை என்றோதான் கணக்கில் சேர்வார்.

இதே எண்ணெய்ப் புகையை உலகம் பெரிய அளவில் அளந்தது 1991இல். குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் கொளுத்தப்பட்டு, கடைசிக் கிணறு அந்த வருடம் நவம்பரில்தான் மூடப்பட்டது. மத்தியகிழக்குக்குப் போய்வந்த குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். பகலிலே இருட்டான கதையையும் கறுப்பு மழையையும் அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சீனக்குடாவில் நடந்தது அதன் சின்ன வடிவம், ஆனால் நம் வாசலில் நடந்தது.

எண்ணெய் மட்டும்தான் புகை தரும் என்றில்லை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்றை நாம் கச்சான் என்கிறோம். (வெளியூர்க்காரருக்கு ஒரு குறிப்பு: நிலக்கடலைக்கும் நம்மிடம் இதே பெயர்தான்.) மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, ஈரமில்லாமல் வரும் காற்று அது. புல் சருகாகும், குளம் வற்றும், காட்டில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும். நம் நாட்டில் மின்னலால் காடு பற்றுவது அபூர்வம். ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதன் வைப்பதே. சேனைக்காக எரிப்பார்கள், மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று எரிப்பார்கள், வேட்டைக்காக எரிப்பார்கள், சும்மாவும் எரிப்பார்கள்.

சேனை என்றதும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு பழி தொடர்கிறது. ஏழை விவசாயி காட்டை எரித்து நாசமாக்குகிறான் என்று ஆங்கிலேய அதிகாரிகள் குறைசொன்னார்கள். 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம் சேனை நிலங்கள் பலவற்றை அரசுக்குரியதாக்கியது. அதே காலத்தில் அதே அரசு கண்டி மலைக்காட்டைக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்க, அவர்கள் அதை வெட்டி, மலைமலையாகக் கொளுத்தினார்கள். சேனைக்காரன் ஒரு துண்டை எரித்து, பயிர்செய்து, பிறகு காடு திரும்ப வளர விடுவான். கோப்பிக்காக எரித்த காடு திரும்பவில்லை. யாருடைய நெருப்பு குற்றம், யாருடைய நெருப்பு அபிவிருத்தி என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று மேல்வகுப்புப் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் இன்றைய நெருப்பு சரியாகிவிடாது. அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறோம். சிரமதானம் முடிந்ததும் சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். சுத்தம் செய்த திருப்தியோடு செய்கிற வேலை என்பதால் அது தவறாகவே தெரிவதில்லை. காட்டுத் தீயிலும் இந்தத் தீயிலும் நமக்குத் தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் அல்ல, சாம்பல் மூக்கிலேயே தங்கிவிடும். 2.5 மைக்கிரோமீற்றருக்கும் சிறிய துணிக்கைகள், அதாவது நம் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, நுரையீரலின் அடிவரை இறங்கி இரத்தத்திலும் கலக்கும். முட்டு உள்ளவருக்கு இழுப்பைக் கூட்டும், இருதய நோயாளிக்கு மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகச் சுவாசிப்பதால் உடல் எடைக்கு அதிகமாக உள்ளே இழுப்பார்கள். 24 மணித்தியாலச் சராசரி ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வைத்த எல்லை.

நாம் எரிக்காத புகையும் நம்மிடம் வரும். விஞ்ஞானி வீ. இராமநாதன், நோபல் பரிசு பெற்ற போல் குருட்சன் ஆகியோர் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 1999இல் மாலைதீவை மையமாக வைத்து நடந்தது. வாடைக்காலத்தில் தெற்காசியாவின் விறகுப் புகையும் வாகனப் புகையும் தொழிற்சாலைப் புகையும் ஒன்றாகி, இந்து சமுத்திரத்தின் மேல் பழுப்புப் போர்வைபோல விரிந்து, இலங்கையையும் தாண்டித் தெற்கே போவதை விமானங்களும் கப்பல்களும் வைத்து அளந்தார்கள். நம் உம்மாமார் மார்கழிப் பனி என்று சொல்லித் தலையில் துணியைப் போட்டுவிட்டார்களே, அதில் பனி எவ்வளவு, புகை எவ்வளவு?

அதற்குப் பதில் 2022 டிசம்பரில் கிடைத்தது. 8ஆம் திகதி விடியற்காலை சுபஹுக்குப் பள்ளிக்குப் போனவர்கள் பனி கூட என்றார்கள். வெயில் ஏறினால் பனி கலையும். அன்று ஒன்பது, பத்து மணியாகியும் வானம் சாம்பல் நிறத்திலேயே நின்றது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி சுழன்றுகொண்டிருந்தது. நம் அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றும், ஆகவே அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இழுக்கப்படும். இந்தியாவில் தேங்கி நின்ற மாசு அப்படியே நம் தலைமேல் வந்து இறங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. பல நகரங்களில் வளித் தரச் சுட்டெண் ஆரோக்கியமற்ற மட்டத்தைத் தாண்டியது. 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன.

பாடசாலை மூடியதும் பிள்ளைகளுக்குச் சந்தோசம், நமக்கும் கொஞ்சம் சிரிப்பு. மழைக்கு விடுமுறை, சண்டைக்கு விடுமுறை, கொரோனாவுக்கு விடுமுறை எல்லாம் பார்த்த தலைமுறைக்குக் காற்றுக்கு விடுமுறை புதிது. ஆனால் அந்த ஒரு நாள் முக்கியமானது. ஒரு எண்ணைப் பார்த்து, பிள்ளைகள் சுவாசிப்பது தீங்கு என்று அரசு ஒத்துக்கொண்ட நாள் அது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் குளிரால் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்து விழுந்ததால் ஊர்ப் பேச்சு முழுவதும் மாட்டைப் பற்றியே இருந்தது. புகை மறுபடியும் பின்வரிசைக்குப் போய்விட்டது.

சீனக்குடாவுக்கே திரும்புவோம். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. ஒரு பணியாளர் உயிரிழந்தார். மசகெண்ணெய் பற்றவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். அந்த அளவு எண்ணெய் 1942இன் தாங்கி இருபதுக்கும் மேல் நிரப்பும். 2022 ஜனவரியில் சீனக்குடாவின் 99 தாங்கிகளும் பங்கிடப்பட்டன: ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. யாருக்கு எத்தனை, இந்தியாவுக்கு எவ்வளவு என்று நாடே விவாதித்தது. தாங்கிகள் மறுபடி நிரம்பும் காலத்தில் ஒன்று பற்றினால் வெள்ளைமணலில் இருப்பவர் எந்தப் பாதையால் வெளியேறுவது, கிண்ணியாவுக்கு யார் எச்சரிக்கை கொடுப்பது என்ற கேள்வி அந்த விவாதத்தில் நம் காதில் விழவில்லை. நம் பிரதேச சபைகளில் இருப்பவர்கள் இதைக் கேட்கவேண்டும்.

வீட்டில் முட்டுக்காரர் இருந்தால் சில விடயங்கள். புகை நாளில் யன்னலைச் சாத்துங்கள், சாம்பிராணியும் கொசுவர்த்தியும் வேண்டாம். சாதாரண துணி முகக்கவசம் நுண்துணிக்கையைத் தடுக்காது, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகைதான் உதவும். இழுக்கும் மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1942இல் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள், தொண்ணூறைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், குண்டைப் பற்றிக் கேட்டபிறகு இதையும் கேளுங்கள்: அந்த ஏழு நாளும் வானம் எப்படி இருந்தது, கொடியில் காயப்போட்ட துணியில் கரி படிந்ததா, கிணற்றுத் தண்ணீர் குடித்தார்களா, யாருக்கு இருமல் வந்தது, ஊரை விட்டு எந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் சொல்வதைச் சொல்லும்படியே தொலைபேசியில் பதிந்து நமக்கு அனுப்புங்கள். அவர் காலமாகிவிட்டிருந்தால், அவரிடம் கேட்டவர் சொன்னாலும் போதும்.