தேயிலைப் பணமும் ஒரு திரைப்படமும்

விளம்பரத்திற்காகப் பிறந்த படைப்பு கலையாகுமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. அதற்கு விடை தேட நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை வாணிகம் தளர்ந்திருந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தன் சரக்கின் புகழைப் பரப்பச் சலனப்படங்களை நாடியது. 1934ஆம் ஆண்டில் பசில் றைற் என்னும் ஆங்கில இளைஞர் இங்கு வந்தார். கமராவைத் தாமே கையாண்டு, படத்தையும் தாமே நெறிப்படுத்தியவர் அவர். சபை வேண்டியவை நான்கு குறும்படங்கள். விளைந்ததோ நான்கு பகுதிகள் கொண்ட 'இலங்கைக் கீதம்' என்ற ஒரே விவரணப்படம். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது.

றைற்றுக்கு இங்கே துணைநின்றவர் லயனல் வென்ற். 1900இல் கொழும்பில் பிறந்த இவர் சட்டம் பயின்றவர், பியானோ வித்தகர், நம் நாட்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர். படத்தின் விளக்கவுரையில் ஒலிப்பது இவர் குரலே. வாசிக்கப்படும் வாசகமோ 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. கண்டியரசில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679இல் அநுராதபுரம் வழியாக அரிப்புக் கோட்டைக்குத் தப்பியவர் நொக்ஸ். நம் வன்னியின் தலைவனைப் பற்றிய குறிப்பும் அவர் நூலில் உண்டு.

படத்தின் மூன்றாம் பகுதி 'வர்த்தகத்தின் குரல்கள்'. திரையில் மக்கள் உழைக்கின்றனர். செவியிலோ சந்தை விலையும் வணிகக் கடிதங்களின் வாசகமும் ஒலிக்கின்றன. பணம் கொடுத்தவர்க்கு இது புகழாரமா, குத்தலா? கேட்போர் தீர்ப்புக்கே அது விடப்பட்டுள்ளது. ஆதலால், பிறர் பணத்தில் எடுத்த படம் பிறர் சொல்லையே சொல்லவேண்டும் என்ற விதி இல்லை என்பது தெளிவு.

ஆயினும் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. கொழுந்து பறிப்போரின் கைகள் தெரிகின்றன; அவர்கள் தம் கதையைத் தாமே சொல்வதில்லை. 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்தினின்று பெயர்ந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியோர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தம் முன்னோரின் தலைமுறையினர் உலகத் திரையில் தோன்றியும் பெயரற்றோராய் நின்றனர் என்பதை அவர்கள் அறியவேண்டும்.

2009இன் பின் வன்னிக்கும் கமராக்கள் பல வந்தன. நிறுவனங்களின் அறிக்கைகளுக்காக நம் வீடுகளும் முகங்களும் படமாயின. இப்போது நம் இளைஞரும் அத்தொழிலைக் கைக்கொள்கின்றனர், அது நல்லதே. கூலி பெற்றுப் படம் எடுப்பது இழிவன்று. ஆனால் எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; அவர் சொல்லுக்கும் படத்தில் இடம் கொடுங்கள். றைற்றும் வென்ற்றும் அழகைத் தந்து சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது உங்கள் கடமை.