நீரேற்றும் பொறியும் மலைத்தீயும்: மேகமலையை முன்வைத்துத் தீயணைப்பு இறைப்பானின் வரலாறு

முன்னுரை

தீயணைப்பு ஊர்தியின் வரலாறு பெரும்பாலும் நகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இலண்டன், ஆம்ஸ்டர்டாம், பம்பாய், சென்னை என்னும் வரிசையில் அது நகர்கிறது. இதற்குக் காரணம் எழுதியோரின் நகரச் சார்பு மட்டுமன்று. ஊர்தியின் உள்ளிருக்கும் நீர் இறைப்பான், தான் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைத் தன் இயங்குமுறையிலேயே வரையறுத்துக்கொண்ட பொறியாகும். நீர்நிலை அருகில் இருக்க வேண்டும். அது பொறியின் மட்டத்திலிருந்து சில மீட்டருக்குக் கீழே போய்விடக் கூடாது. தீ ஒரு கட்டடத்தின் உயரத்துக்குள் எரிய வேண்டும். அனைத்துக்கும் மேலாகச் சாலை வேண்டும். தேனி மாவட்டத்தின் மேகமலையில் இந்நான்கும் ஒருங்கே அமைவது அரிது. எனவே இறைப்பானின் எல்லைகளை அறிய இம்மலை ஏற்ற களமாகிறது.

சிவிறி முதல் இறைப்பான் வரை

அழுத்தி நீரைப் பீய்ச்சும் கருவி தமிழர்க்குப் புதியதன்று. வையைப் புனலாட்டைப் பாடும் பரிபாடல், சிவிறி ஏந்திய மாந்தரைக் காட்டுகிறது. அக்கருவி வண்ணநீர் தூவும் விளையாட்டுப் பொருளாகவே இலக்கியத்தில் நிலைபெற்றது. தீயோடு அதைத் தொடர்புபடுத்தும் சான்று இலக்கியத்தில் பேசப்படுவதில்லை. இதே வடிவக் கருவியைப் பெரிதாகச் செய்து, இருவர் பிடிக்க மூன்றாமவர் தண்டைத் தள்ள, இலண்டன் மக்கள் 17-ஆம் நூற்றாண்டில் தீயை எதிர்கொண்டனர். ஒரே பொறிநுட்பம் ஓரிடத்தில் விழாவுக்கும் மற்றோரிடத்தில் பேரிடருக்கும் பயன்பட்டது. மரவீடுகள் நெருங்கிய நகரத்தின் தேவையே அதைத் தீயணைப்புக் கருவியாக்கியது என்பது கட்டுரையாளரின் கருத்து.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெசிபியசு அழுத்து இறைப்பானை அமைத்தார் என்பது மரபு. அதே நகரத்தின் ஈரோன் இரட்டை உருளைகள் கொண்ட தீயணைப்பு இறைப்பான் ஒன்றை விவரித்துள்ளார். இதன்பின் நீண்ட இடைவெளி. 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் யான் வான் தெர் ஹெய்டனும் அவர் உடன்பிறந்தாரும் தோலாலான நெகிழ்குழாயை அறிமுகம் செய்தனர். பொறி ஓரிடத்திலும் நீர்முனை மற்றோரிடத்திலும் இருக்கலாம் என்றானது அப்போதுதான். 1829-இல் பிரெய்த்வெயிட்டும் எரிக்சனும் நீராவியால் இயங்கும் இறைப்பானைச் செய்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சின் ஊர்தியையும் இறைப்பானையும் சேர்த்தே ஓட்டத் தொடங்கியது.

1908-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையில் குறிக்கத்தக்கது. சென்னையில் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது அவ்வாண்டில். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகருக்கு டென்னிஸ் நிறுவனம் சுழல் இறைப்பான் பொருத்திய தன் முதல் தீயணைப்பு ஊர்தியை அளித்ததும் அவ்வாண்டில்தான். உந்துதண்டு முன்பின் அசையும் பழைய இறைப்பானின் இடத்தைச் சுழலும் சக்கரம் பிடிக்கத் தொடங்கிய காலம் அது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் தீயணைப்பு ஊர்திகளும் அச்சுழல்வகையின் வழிவந்தவையே.

மையவிலக்கு இறைப்பான் இயங்கும் முறை

மையவிலக்கு இறைப்பானின் உள்ளே வளைந்த தகடுகள் கொண்ட ஒரு சக்கரம் சுழல்கிறது. சக்கரத்தின் நடுவே புகும் நீர், சுழற்சியால் விளிம்புக்கு எறியப்படுகிறது. விளிம்பைச் சுற்றி நத்தைக்கூடு போல விரியும் உறையில் நீரின் வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. ஊர்தியை ஓட்டும் எஞ்சினே இணைப்புப் பற்சக்கரங்களின் வழியாக இச்சக்கரத்தையும் சுழற்றுகிறது.

இவ்வமைப்புக்கு ஒரு பெருங்குறை உண்டு. காற்றை அதனால் தள்ள இயலாது. காற்று நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு எடை குறைந்தது. உறிஞ்சுகுழாயில் காற்று நிறைந்திருந்தால் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கிணற்று நீர் மேலே வராது. ஆகவே முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். பணியாளர் வழக்கில் இது 'பிரைமிங்' எனப்படும். கம்பம் பள்ளத்தாக்கு உழவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபுட்வால்வு கசிந்து தண்ணீர் இறங்கிவிட்ட பம்புசெட்டின் வாயில் குடம் குடமாக நீர் ஊற்றிய பட்டறிவு அவர்களுக்கு உண்டு. தீயணைப்பு ஊர்தியில் அதற்கெனத் தனிக் கருவி இருக்கிறது. எஞ்சினின் புகைவிசையாலோ நீர்வளையத்தாலோ அது காற்றை இழுத்து வெளியேற்றுகிறது.

இயக்குபவர் செய்வதை வரிசையாகக் காண்போம். ஊர்தியை நீர்நிலைக்கு இயன்றவரை அருகே நிறுத்தி, உறிஞ்சுகுழாய்த் துண்டுகளைக் காற்றுப் புகாதவாறு இணைத்து, முனையில் வடிகூடை மாட்டி நீரில் ஆழ்த்துகிறார். வடிகூடை நீர்மட்டத்துக்கு நெருக்கமாக இருந்தால் சுழல் தோன்றிக் காற்றை உள்ளிழுக்கும். அடியைத் தொட்டால் சேறு ஏறும். நீர் வெளியேறும் வால்வுகளை எல்லாம் மூடியபின் காற்றகற்றும் கருவியை இயக்குகிறார். வெற்றிடமானியின் முள் இறங்குகிறது. நீர் வந்து சேர்ந்ததும் அழுத்தமானியின் முள் எழுகிறது. அதன்பின் வால்வை மெல்லத் திறந்து எஞ்சினின் வேகத்தைக் கூட்டுகிறார். திடீரெனத் திறந்தால் இறைப்பானுக்குள் இருந்த நீர் ஓடிவிட்டுக் காற்று மீண்டும் புகக்கூடும். திடீரென மூடினால் நீரடி குழாயைக் கிழிக்கவும், முனையைப் பிடித்திருப்பவரைத் தள்ளவும் வல்லது. உள்வரும் நீர் போதாமல் எஞ்சினை மட்டும் முடுக்கினால் சக்கரத்தின் வாயில் நீராவிக் குமிழிகள் தோன்றி உடையும். கூழாங்கற்களை உருட்டுவது போன்ற ஓசை அப்போது எழும். தேர்ந்த இயக்குநர் மானியைப் பார்க்கும் முன்னரே இந்த ஓசையைக் கேட்டு வேகத்தைக் குறைப்பார்.

உறிஞ்சுதல் என்னும் சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறது. இறைப்பான் நீரை இழுப்பதில்லை. உள்ளே காற்று குறைந்ததும் வெளியிலுள்ள வளிமண்டலம் நீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அத்தள்ளலின் உச்ச அளவு ஏறத்தாழ 10.3 மீட்டர். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கிணறுகளில் இவ்வெல்லை கலிலியோவை வியக்க வைத்தது. காரணத்தை அவர் மாணவர் டாரிசெல்லி 1643-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வளியழுத்தத்தில் கண்டார். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் கிடைப்பது 7 மீட்டர் அளவே. நீர்மட்டம் இறங்க இறங்க நம் உழவர் கிணற்றுக்குள் மேடை அமைத்து எஞ்சினையே கீழே இறக்கியது இதனால்தான். சாலில் நீரை அள்ளித் தூக்கிய கமலைக்கு இத்தடை கிடையாது. மாடும் கயிறும் தாங்கும்வரை எவ்வாழத்திலிருந்தும் அது இறைத்தது. பழையதைப் புதியது எல்லா வகையிலும் வென்றது என்னும் எண்ணத்துக்கு இஃது ஒரு சிறிய மறுப்பு.

மேகமலையின் கணக்கு

சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. அவ்வுயரத்தில் வளியழுத்தம் கடல்மட்ட அளவில் ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே உறிஞ்சும் உயரத்தின் உச்ச எல்லை 10.3 மீட்டரிலிருந்து சுமார் 8.6 மீட்டராகச் சுருங்குகிறது; சமவெளியில் 7 மீட்டர் இழுத்த இறைப்பான் இங்கே 5.5 மீட்டரை ஒட்டியே திணறும். காற்றை அழுத்தி ஊட்டும் அமைப்பு இல்லாத எஞ்சினும் தன் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கை ஒட்டி இழக்கும். கீழே செவ்வையாக வேலை செய்த அதே பொறி, அதே இயக்குநர் கையில், மேலே வேறு பொறியாக நடந்துகொள்கிறது.

நீரை மேலே அனுப்புவதன் கணக்கு இன்னும் கடுமையானது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வேண்டும். தீயணைப்பு ஊர்தியின் இறைப்பான் வழக்கமாக 7 பார் அழுத்தத்தில் கணக்கிடப்படுகிறது. முனையில் 3 பாராவது இருந்தால்தான் நீர் பாயும். எஞ்சிய 4 பாரில், உராய்வு நீங்கலாக, 40 மீட்டர் ஏறலாம். நகரத்து மாடிக்கு இது பெரிது. பள்ளத்தாக்கின் தரைக்கும் மேகமலைக்கும் இடைப்பட்ட உயரமோ 1,000 மீட்டருக்கும் மேல். ஒன்றன்பின் ஒன்றாக இறைப்பான்களை நிறுத்தி 7 பாரையும் உயரத்துக்கே செலவிட்டாலும் 15 பொறிகள் வேண்டும். குழாயில் நீரோட்டத்தை இரட்டித்தால் உராய்வு இழப்பு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்தால், இத்திட்டம் தாளில் மட்டுமே நிற்கும்.

ஆனால் மேகமலையில் நீருக்குப் பஞ்சமில்லை. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு அணைகள் மலைமேல் உள்ளன. அந்நீர் கீழிறங்கிச் சுருளியாறு மின்நிலையத்தில் 35 மெகாவாட் திறனுள்ள சுழலியை ஓட்டுகிறது. மலையுச்சியில் நீர், அடிவாரத்தில் நீர், எரிவது இரண்டுக்கும் இடைப்பட்ட காய்ந்த சரிவு. மாசி, பங்குனியில் புல்லும் சருகும் உலர்ந்து நிற்பது அங்கேதான். மேலிருந்து நீரை இறக்கலாமே என்ற எண்ணம் எழும். 300 மீட்டர் இறங்கினாலே நீர் 30 பார் அழுத்தம் பெற்று, வழக்கமான தீயணைப்புக் குழாயின் பயன்பாட்டு வரம்பை மிஞ்சிவிடும். இடையிடையே தொட்டிகள் அமைத்து அழுத்தத்தை உடைக்க வேண்டும். அவற்றைப் புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் எங்கே அமைப்பது என்பது பொறியியல் மட்டும் விடை கூறும் வினாவன்று.

இரு துறைகள், இரு மரபுகள்

இக்கணக்கின் விளைவை நிருவாக வரலாற்றிலும் காணலாம். தீயணைப்புத் துறை நகரத்தில் பிறந்து ஊர்தியைச் சுற்றி வளர்ந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த வீரர்களின் நினைவே இன்றும் நாடெங்கும் தீயணைப்பு நாளாகப் போற்றப்படுகிறது. காட்டுத்தீயோ வேறு கையில் இருந்தது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. அணைக்கும் பொறுப்பு வனத்துறைப் பணியாளரிடம் வந்தது. அவர்களுடைய கருவிகள் அரிவாள், தீத்தடுப்புக் கோடு, பச்சைக் கிளை, எதிர்த்தீ. நீர் அப்பட்டியலில் முதலிடம் பெறவில்லை. இதனைப் பின்தங்கிய நிலை எனக் கொள்வது பிழை. நீர் எட்டாத சரிவில் எரிபொருளை அகற்றுவதே தக்க முறை. இலங்குமலையில் புல்தீயைக் கிளையால் அடித்து அணைப்பதற்கும் தேர்ச்சி வேண்டும், காற்றின் போக்கை அறியும் கண் வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று இதே மாவட்டத்தில், மேகமலைக்கு வடமேற்கே போடி மலையின் குரங்கணிச் சரிவில் தீ பரவி, மலையேற்றத்துக்குச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே ஊர்தி ஏறும் சாலை இல்லை. காயமுற்றோரை ஊர்மக்களும் பணியாளரும் சுமந்து இறக்கினர். வான்படையின் உலங்கு வானூர்திகள் அழைக்கப்பட்டன. அடிவாரம் வரை வந்த ஊர்தியின் 4,500 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் பாயும் ஒரு முனைக்குப் பத்து நிமிட நீர். அந்தப் பத்து நிமிடத்தையும் சரிவுக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. மக்களை நெறிப்படுத்த விதி வந்த அளவுக்கு, மலைக்கேற்ற கருவி பற்றிய உரையாடல் எழவில்லை என்றே தோன்றுகிறது.

அத்தகைய கருவி உலகில் இல்லாததன்று. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கவன்ட்ரி கிளைமாக்சு நிறுவனம் இழுத்துச்செல்லும் இறைப்பான்களைப் பெருமளவில் செய்தது. போருக்குப்பின் எடை குறைந்த இறைப்பானுக்காக அது வடித்த எஞ்சின், பின்னாளில் பந்தயக் கார்களுக்குப் போனது ஒரு சுவையான கிளைக்கதை. கனடாக் காடுகளில் பயன்படும் வாஜாக்சு மார்க் 3 என்னும் இறைப்பான் ஏறத்தாழ 26 கிலோ எடையுடையது. ஒருவர் முதுகில் சுமக்கலாம். நான்கு சக்கரங்கள் அடுத்தடுத்து நீரைத் தள்ளுவதால் 25 பார் வரை அழுத்தம் தருகிறது. உயரக் கணக்கில் அஃது 250 மீட்டர். நீரின் அளவைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டியதே இதன் மாற்றம். நகர ஊர்தியின் இறைப்பான் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு இது நேர் எதிரானது.

மேகமலையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சாலை உண்டு. அணைக்கரை வரை ஊர்தி செல்லும். அங்கே நீர்மட்டம் கோடையில் எவ்வளவு இறங்குகிறது, கரையிலிருந்து உறிஞ்சுகுழாய் 5.5 மீட்டருக்குள் நீரைத் தொடும் இடங்கள் எவை, சுமக்கும் இறைப்பானை வைத்து எந்தச் சரிவுவரை குழாய் எட்டும் என்பன அளந்தறியத்தக்கவை. அவ்வளவீட்டைத் தை மாதத்துக்குள் முடித்தாக வேண்டும்; மாசியில் புல் காய்ந்துவிடும்.