பாங் தாத்தாவும் அல்பாக்காவும்

டென்மார்க்கில் கிராமப் பக்கம் போனால் மாடுகளுக்கு நடுவே அங்கங்கே அல்பாக்கா கண்ணில் படும். பொசுபொசுன்னு கம்பளி, நாம் கடன் வாங்கித் திருப்பித் தராத மாதிரி ஒரு பார்வை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒட்டக வம்சம். இதைப் பார்த்தாலே எனக்கு ஒரு டேனிஷ் மாட்டு டாக்டர் ஞாபகம்தான் வரும்: பெர்ன்ஹார்ட் பாங் (1848-1932). சம்பந்தம் இருக்கு, பொறுமையாப் படிங்க :-)

1882-ல் இங்கே முதல் கூட்டுறவுப் பால்பண்ணை ஆரம்பித்தது. நம்ம ஊர் பால் சொசைட்டி மாதிரிதான். ஊர்ப் பால் மொத்தமும் ஒன்றாகக் கலக்கும். வெண்ணெய் எடுத்ததும் மிச்சப் பால் வீடுகளுக்கே திரும்பிப் போகும், கன்றுக்கும் பன்றிக்கும். ஒரே ஒரு மாட்டுக்கு டிபி இருந்தால் போதும், ஊர்க் கன்றுகளுக்கெல்லாம் பங்கு போய்ச் சேரும்.

1890-ல் ராபர்ட் காக், டிபிக்கு மருந்து என்று ட்யூபர்குலினை அறிவித்தார். மருந்தாக அது ஊத்திக்கிச்சு. ஆனால் மாட்டுக்கு ஊசி போட்டால், நோய் உள்ள மாட்டுக்கு மட்டும் காய்ச்சல் ஏறியது. ஆக, நோயைக் காட்டிக் கொடுக்கும் கருவி கிடைச்சாச்சு.

சரி, கண்டுபிடித்த பிறகு? எல்லாவற்றையும் வெட்டு என்றால் விவசாயி தெருவுக்கு வந்துவிடுவான், அடுத்தவன் பரிசோதனைக்கே வரமாட்டான். பாங் 1892-ல் வேறு வழியில் இறங்கினார். மந்தையை இரண்டாகப் பிரி. பிறந்த கன்றைத் தாயிடமிருந்து உடனே மாற்று. காய்ச்சிய பால் கொடு. கன்றுகள் பெரும்பாலும் நோயோடு பிறப்பதில்லை என்பதுதான் சூட்சுமம். பழைய மந்தை மெல்லக் கழிய, புது மந்தை சுத்தமாக வளரும். 1898-ல், பால்பண்ணையிலிருந்து திரும்பும் பாலைச் சூடாக்கியே தரவேண்டும் என்று சட்டமே வந்தது. 1980 முதல் டென்மார்க் மாட்டு டிபி இல்லாத நாடு என்று அதிகாரபூர்வ அந்தஸ்து.

இப்போ அல்பாக்கா. இதற்கும் அதே மாட்டு டிபி வரும். ஆனால் மாட்டுக்கு நன்றாக வேலை செய்யும் தோல் பரிசோதனை இதனிடம் சொதப்பும். நோய் முற்றியதுகூட "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று நிற்கும். அதனால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படுகிறது.

இங்கிலாந்தில் ஜெரோனிமோ என்றொரு அல்பாக்கா. நியூசிலாந்திலிருந்து வந்தது. ரத்தப் பரிசோதனையில் இரண்டு முறை டிபி என்று வந்தது. முன்னால் போட்ட ட்யூபர்குலின் ஊசிகளால்தான் அப்படிக் காட்டுகிறது என்று வளர்த்தவர் கோர்ட்டுக்குப் போனார். 2021 ஆகஸ்ட் 31 அன்று அதைக் கொன்றார்கள். உடலில் டிபி போன்ற புண்கள் இருந்தன, ஆனால் சோதனைக்கூடத்தில் கிருமியை வளர்த்து உறுதிசெய்ய முடியவில்லை. இரண்டு தரப்புக்கும் நிம்மதி இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். பாங் ஜெயித்தது ஊசியால் மட்டும் இல்லை. பரிசோதனை முடிவை விவசாயி நம்பினான், முடிவு வந்த பிறகும் அவனுக்கு ஒரு வழி இருந்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விவகாரம் கோர்ட்டுக்குத்தான் போகும். பல மாநிலங்களில் பசுவை வெட்டத் தடை உள்ள நம் நாட்டுக்கு, பாங் தாத்தாவின் பிரித்து வளர்க்கும் வழி இன்னும் பழசாகவில்லை.

கால்நடை மருத்துவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், பின்னூட்டத்தில் என் தலையில் குட்டலாம்.