வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் பட்டத் தகுதி: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான பட்டத் தகுதி என்பது, அந்நாட்டின் விசா விதியும் பணியமர்த்தும் பள்ளியும் ஆசிரியரிடம் கேட்கும் கல்வித் தகுதியாகும். விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு ஊர்களிலும் பலர் பெறுவது, 1973இல் தொடங்கப்பட்ட இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி போன்ற, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் மூன்றாண்டு இளங்கலைப் பட்டமாகும். வளைகுடா நாடுகளிலுள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பொதுவாக அதனோடு பி.எட். பட்டத்தையும் எதிர்பார்க்கின்றன.

தென் கொரியாவின் நிலை தனித்துக் கவனிக்கத்தக்கது. மொழி ஆசிரியருக்கான அதன் ஈ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக வழங்கப்படுவதால், எவ்வளவு உயர்ந்த பட்டம் பெற்றவராயினும் இந்தியர் குடியுரிமையின் பெயரால் விலக்கப்பட்டனர்; மொழித்திறனை அளக்க இது நேர்மையான அளவுகோல் அன்று. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் உடைய இந்தியர் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற வழி திறந்தது.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது; அது உண்மையானதெனச் சான்றொப்பமும் பெற வேண்டும். 2005இல் இந்தியா இணைந்த ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்கு, வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் 'அப்போஸ்டில்' என்னும் முத்திரைச் சான்று வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்திற்கோ தூதரகச் சான்றொப்பம் தேவைப்பட்டு வந்துள்ளது.